வேலைத்தலத்துக்கு வரும் 'பிம்' பயிற்சி: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில வாரங்களுக்கு முன் ஓக் ட்ரீ வீதியில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு சகோதரி என்னை மறித்துக் கேட்டார். "அண்ணை, இவருடைய கொம்பனியில பிம் எண்டு ஏதோ படிக்கச் சொல்லுறாங்களாம். ஐம்பத்திரண்டு வயசில கொம்பியூட்டர் படிக்காட்டி வேலையால நிப்பாட்டிப் போடுவாங்களோ?" அவருடைய கணவர் பதினெட்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறவர். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் எந்தக் குழாய் எங்கே போகும் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். அந்தக் கேள்விக்கு வாசலில் நின்று இரண்டு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த மாத உரைதான் அதற்கான பதில். ஐசலின், எடிசன் பக்கத்தில் இதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

பிம் என்றால் என்ன?

தமிழில் 'கட்டடத் தகவல் மாதிரி' என்று சொல்லலாம். பெயரை விட விஷயத்தை விளங்கிக்கொள்வது முக்கியம். அதற்கு ஊரில் வீடு கட்டிய கதை ஒன்றே போதும்.

ஓடாவியார் தன்னுடைய பட்டறையில் இருந்து கதவு நிலை செய்வார். மேசன் எங்கள் வளவில் சுவர் எழுப்புவார். அளவை இரண்டு பேருக்கும் வாயால் சொல்லியிருப்போம். நிலை வண்டிலில் வந்து இறங்கும் நாளில் பார்த்தால் சுவரில் விட்ட இடைவெளி இரண்டு அங்குலம் குறைவாக இருக்கும். "நான் சொன்ன அளவுதான்" என்பார் ஓடாவியார். "எனக்குச் சொன்னது இதுதான்" என்பார் மேசன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சுவரை உடைக்க வேண்டும், அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில்.

இங்கே ஒரு மருத்துவமனையையோ பள்ளிக்கூடத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். உட்கூரைக்கு மேலே உள்ள இரண்டு மூன்று அடி இடைவெளிக்குள் உருக்கு உத்தரம், காற்றுக் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுக் குழாய், தீயணைப்புக் குழாய், மின்கம்பித் தட்டு என்று எல்லாமே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஒப்பந்தக்காரர். ஒவ்வொருவரிடமும் ஒரு தனி வரைபடம். ஓடாவியாருக்கும் மேசனுக்கும் வந்த பிரச்சினை இங்கே நூறு மடங்காக வரும்.

1982ஆம் ஆண்டு ஓட்டோகாட் வந்தபோது வரைபலகை கணினிக்குள் போனது. ஆனால் கோடு கோடாகவே இருந்தது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோடு சுவரா, குழாயா என்பது தெரியாது. பிம் முறையில் கதவைக் கணினி கதவாகவே அறியும். அதன் அகலம், உயரம், எந்தச் சுவரில் இருக்கிறது, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்ற விபரங்கள் அந்தக் கதவோடு சேர்ந்தே இருக்கும். கதவை ஓரடி தள்ளி வைத்தால் தளப்படம், குறுக்கு வெட்டுப் படம், கதவுப் பட்டியல் மூன்றும் தாமாகவே மாறும். எல்லா ஒப்பந்தக்காரருடைய மாதிரிகளையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் எது எதோடு முட்டுகிறது என்று கணினி காட்டும். இதை வேலைத்தலத்தில் 'கிளாஷ்' என்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது?

இது நேற்று முளைத்த விஷயம் அல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் ஈஸ்ட்மன் 1975ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்தை எழுதி வெளியிட்டார். 1980களில் ஹங்கேரியில் கிராபிசொப்ட் என்ற நிறுவனம் இதற்கு ஒரு மென்பொருளைச் செய்தது. இன்று அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் 'றெவிற்' மென்பொருள் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002ஆம் ஆண்டில் ஓட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தை 133 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் பிறகுதான் 'பிம்' என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது.

கொம்பனிகள் ஏன் இதற்கு மாறின? ஒரு காரணம் வீண்செலவு. தேசிய தரநிலைகள் தொழில்நுட்ப நிறுவகம் 2004ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருவருடைய கணினித் தகவல் மற்றவருடைய கணினியில் பொருந்தாததால் அமெரிக்காவில் பெரிய கட்டடங்கள், ஆலைகள் சார்ந்த துறைக்கு 2002ஆம் ஆண்டில் மட்டும் 15.8 பில்லியன் டொலர் வீணானது என்று அது கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் கட்டடத்தின் சொந்தக்காரரும் அதை நடத்துபவர்களும்தான்.

இன்னொரு காரணம் வேலை கொடுப்பவர்கள் கேட்கத் தொடங்கியது. மத்திய அரசின் கட்டடங்களைக் கவனிக்கும் ஜெனரல் சேர்விசஸ் அட்மினிஸ்ட்ரேஷன் 2003ஆம் ஆண்டு ஒரு பிம் திட்டத்தைத் தொடங்கியது. 2007 நிதியாண்டு முதல் தன்னுடைய பெரிய கட்டடங்களுக்கு மாதிரி வேண்டும் என்று கேட்டது. 2012ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரத்தின் வடிவமைப்பு, கட்டுமானத் திணைக்களம் பிம் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பிரித்தானியா 2016 ஏப்ரலில் மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆகவே பெரிய வேலை எடுக்க விரும்பும் கொம்பனி தன்னுடைய ஆட்களைப் பழக்கியே ஆக வேண்டும். உங்கள் மேலாளர் பயிற்சி என்று சொல்வது உங்களைச் சோதிப்பதற்காக அல்ல. அது இல்லாமல் அவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போகலாம்.

மவுண்டன் வியூவில் நடந்தது

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குக் கலிபோர்னியாவில் இருந்து ஓர் உதாரணம். மவுண்டன் வியூ நகரில் 'கமினோ மெடிக்கல் குரூப்' என்ற மருத்துவ நிலையம் கட்டப்பட்டது. சொந்தக்காரர் சட்டர் ஹெல்த், பிரதான ஒப்பந்தக்காரர் டிபிஆர் கொன்ஸ்ட்ரக்ஷன். 2,50,000 சதுர அடிக் கட்டடம், செலவு ஏறத்தாழ 97 மில்லியன் டொலர். டிபிஆரின் அதுல் கான்சோடே, டீன் ரீட், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் பிஷர் ஆகியோர் அந்த அனுபவத்தை 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

அங்கே காற்று, நீர், மின், தீயணைப்பு வேலைக்காரர்களின் விபரப்பட வரைஞர்கள் ஒரே பெரிய அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மாதிரியை வரைந்தார்கள். முட்டல்களை அங்கேயே பேசித் தீர்த்தார்கள். அதன் பிறகே வேலைத்தலத்தில் பொருத்தினார்கள். அப்படிப் பொருத்தும்போது ஒரு முட்டல் கூட வரவில்லை என்று கட்டுரை சொல்கிறது. காற்றுக் குழாய் ஒப்பந்தக்காரர் திரும்பச் செய்ய வேண்டி வந்த வேலை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. குழாய் வேலைக்கான பாகங்கள் முழுவதும் பட்டறையிலேயே முன்கூட்டிச் செய்யப்பட்டன. இந்த ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள் உழைப்பில் 20 முதல் 30 சதவீதம் மிச்சம். சொந்தக்காரருக்கு ஏறத்தாழ ஆறு மாதமும் ஒன்பது மில்லியன் டொலரும் மிச்சம். இந்த வேலைகள் நடந்த காலம் முழுவதும் பதிவான காயம் ஒன்றே ஒன்றுதான்.

இந்த எண்களை எழுதியவர்களில் இருவர் அந்தக் கொம்பனியைச் சேர்ந்தவர்கள். மிச்சம் என்பதும் பழைய முறையில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. எல்லா இடத்திலும் இதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வென்றது மென்பொருள் மட்டும் அல்ல. வேலை தெரிந்தவர்களை ஒரே அறையில் இருத்தியதும்தான்.

நான் கண்ட இரண்டு பயிற்சிகள்

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்தவன். 1995 இடப்பெயர்வில் வரைபலகையை விட்டுவிட்டு ரீ-ஸ்குயாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த நாட்டில் பல வருடம் காற்றுக் குழாய் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தேன். அங்கே பிம் பயிற்சி இரண்டு தடவை நடந்தது.

முதல் தடவை எட்டுப் பேரை மூன்று நாள் ஒரு மண்டபத்தில் இருத்தி வகுப்பு எடுத்தார்கள். மாதிரி வீடு ஒன்றை வரையப் பழக்கினார்கள். நாங்கள் வீடு கட்டுகிற ஆட்கள் அல்லவே, காற்றுக் குழாய் செய்கிற ஆட்கள். ஆறு கிழமை கழித்து உண்மையான வேலை வந்தபோது எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. கடைசியில் வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் தனியாக இருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கான மாதிரியை வரைந்தார். பார்க்க அழகாக இருந்தது. கணினியும் முட்டல் இல்லை என்றது. வேலைத்தலத்தில் பொருத்திய பிறகு பார்த்தால் குழாயைத் துப்புரவு செய்யத் திறக்கும் மூடி சுவரைப் பார்த்தபடி இருந்தது. கை நுழையாது. எங்கள் போர்மன் படத்தை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதை முதலே எனக்குக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். முப்பது வருட அனுபவம் உள்ள அவரை வகுப்புக்கே கூப்பிடவில்லை. இரண்டு வார இறுதிகளில் அதைக் கழற்றித் திரும்பப் பூட்டினோம். அந்த இளைஞர் மீது பிழை சொல்ல முடியாது. அவருக்கு மென்பொருள் தெரியும், வேலை தெரியாது. எங்களுக்கு வேலை தெரியும், மென்பொருள் தெரியாது. இரண்டையும் சேர்க்க வேண்டிய பயிற்சி அதைச் செய்யவில்லை.

இரண்டாவது தடவை கொம்பனி பாடம் படித்திருந்தது. ஒரு சிறிய உண்மையான வேலையை, ஒரு மாடியை மட்டும், பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போர்மன்மார் அரை மணி நேரம் வரைபவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் சுட்டியைத் தொடவில்லை. திரையில் மாதிரியைச் சுற்றிப் பார்த்து, "இங்கே ஏணி வைக்க இடமில்லை", "இந்தத் துண்டு லிப்டுக்குள் போகாது" என்று சொன்னார்கள். மூன்று மாதத்தில் அவர்களே திரையில் மாதிரியைத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

உங்கள் கொம்பனியில் யாராவது அபிப்பிராயம் கேட்டால், அல்லது நீங்களே ஒரு சிறிய ஒப்பந்தக்காரராக இருந்தால், நான்கு விஷயங்களைச் சொல்வேன்.

முதலாவது, எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டாம். படம் வரைபவருக்கு மென்பொருள் ஆழமாகத் தெரிய வேண்டும். செலவு மதிப்பிடுபவருக்கு மாதிரியில் இருந்து அளவுகளை எடுக்கத் தெரிந்தால் போதும். போர்மனுக்கு ராப்லெட்டில் மாதிரியைத் திறந்து, வெட்டிப் பார்த்து, அளவு எடுக்கத் தெரிய வேண்டும். தளத்தில் அடையாளம் இடுபவர், மாதிரியில் உள்ள புள்ளிகளை அளவைக் கருவிக்குள் ஏற்றி நிலத்தில் குறிக்கப் பழக வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் சில நாட்களில் பழகக்கூடியவை.

இரண்டாவது, பயிற்சி முடிந்த உடனேயே உண்மையான வேலையில் பயன்படுத்த வேண்டும். நீச்சலைப் புத்தகத்தில் படித்து எவரும் பழகியதில்லை.

மூன்றாவது, யார் முதலில் இடம் பிடிப்பது என்ற ஒழுங்கை அனுபவசாலிகளிடம் கேட்க வேண்டும். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். அதை மேலும் கீழும் வளைக்க முடியாது. ஆகவே அது முதலில். பெரிய காற்றுக் குழாய் அதற்கு அடுத்து. மின்கம்பிக் குழாய் வளைந்து கொடுக்கும், அது பிறகு. கணினி ஆயிரம் முட்டல்களைக் காட்டும். அதில் பல பெறுமதி இல்லாதவை. எது உண்மையான பிரச்சினை என்று பிரித்துச் சொல்ல வேலை தெரிந்த மனிதர் வேண்டும்.

நான்காவது, முதல் வேலை மெதுவாகவே போகும் என்பதை முதலாளி முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பழகும் காலத்தில் பிந்துவதற்காக ஆட்களை ஏசினால் அவர்கள் சத்தமில்லாமல் பழைய முறைக்கே திரும்பிவிடுவார்கள்.

பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

இது எங்கள் ஆட்கள் கேட்கக் கூச்சப்படும் விஷயம். அதனால் விபரமாகச் சொல்கிறேன். மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் பயிற்சி நேரத்தை வேலை நேரமாக எண்ணாமல் விட வேண்டுமானால், மத்திய தொழில் விதிகளின்படி நான்கு நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பயிற்சி வழமையான வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும். வருவது உண்மையிலேயே உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும். பயிற்சி உங்கள் வேலையோடு நேரடித் தொடர்பு இல்லாததாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் செய்யக்கூடாது. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும். கொம்பனி உங்கள் வேலைக்காக "சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள்" என்று சொன்னால் அது வேலை நேரம்தான். அதோடு கிழமையில் நாற்பது மணித்தியாலத்தைத் தாண்டினால் மேலதிக நேரச் சம்பளமும் சேரும். ஆனால் நீங்களாகவே மாலையில் ஒரு கல்லூரிக்குப் போய்ப் படித்தால் அது இதற்குள் வராது.

இன்னொன்று. "பயிற்சிக்குப் பிறகு இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று சில இடங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளைக் கொண்டாவது முழுவதையும் வாசியுங்கள். தொழிற்சங்கத்தில் இருந்தால் அங்கே காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சிறிய கொம்பனி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நியூ ஜேர்சி மாநிலத் தொழில் திணைக்களம் ஏற்கனவே வேலையில் இருப்பவர்களைப் பயிற்றுவிக்க முதலாளிமாருக்கு உதவி நிதி வழங்கி வந்திருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது கொம்பனி. விதிகளும் திகதிகளும் மாறும் என்பதால் திணைக்களத்தில் நேரடியாக விசாரியுங்கள்.

நாங்களாகப் படிக்க என்ன வழி?

எங்களுக்குப் பக்கத்தில், எடிசனில், மிடில்செக்ஸ் கல்லூரி இருக்கிறது. 2021க்கு முன் அதன் பெயர் மிடில்செக்ஸ் கவுண்டி கல்லூரி. படம் வரைதல், கட்டுமானம், ஆங்கிலம் ஆகியவற்றில் இப்போது என்ன வகுப்பு நடக்கிறது என்று அங்கே கேட்கலாம். பதிவு செய்த மாணவர் தகுதியைக் காட்டினால் ஓட்டோடெஸ்க் நிறுவனம் றெவிற்றை ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருகிறது. படிப்பு தொடர்ந்தால் புதுப்பிக்கலாம். ஆனால் அதை வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. றெவிற் விண்டோஸ் கணினியில்தான் ஓடும். மக் வாங்கிவிட்டுப் பிறகு யோசிக்க வேண்டாம். மாதிரியைத் திறந்து சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் இலவசமான பார்வை மென்பொருட்களே போதும்.

பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. கணினி படித்தால் வங்கியில்தான் வேலை என்று நினைக்க வேண்டாம். ஐசலினிலேயே, மெட்ரோபார்க் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, வூட் அவெனியூ சவுத்தில், மொட் மக்டொனால்ட் போன்ற உலகளாவிய பொறியியல் நிறுவனம் அலுவலகம் வைத்து இயங்கி வந்திருக்கிறது. அப்பாவின் தொழில் அறிவும் மகளின் கணினி அறிவும் ஒரே மேசையில் சந்திக்கக்கூடிய துறை இது. மாலையில் பத்து நிமிடம் அப்பாவை உட்கார வைத்து ஒரு மாதிரியைத் திறந்து காட்டுங்கள். எது பிழை என்று அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார்.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். பயிற்சிக்கு வேண்டாம் என்று சொல்லி வீட்டில் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. போய் முன்வரிசையில் இருக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் கை உயர்த்திக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே மென்பொருள் தெரிந்தவர் பலர் இருப்பார்கள். கழிவுக் குழாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும், வால்வைத் திருப்பக் கை நுழையுமா என்று தெரிந்தவர் ஒருவர் இருவர்தான் இருப்பார்கள். அவர் அதில் ஒருவர். பதினெட்டு வருடமாகக் கையில் இருப்பதைக் காட்ட அவருக்கு ஒரு திரை கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.